ஒரு குரல் மட்டும் கேட்கிற இடங்கள்

ஹெல்சிங்கி
ஜூன் 4

அன்புள்ள ஹெல்விக்கு,

நான், வீடு, பால்கனிச் செடிகள், மூன்று பேரும் சௌக்கியம். உன் தக்காளி நாற்று மட்டும் கொஞ்சம் முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றும்போது அதனிடமும் நான் பேசிக்கொண்டே இருப்பதுதான் காரணம் என்று நீ சொல்வாய். இருக்கலாம்.

நீ பெட்டியை எடுத்துக்கொண்டு உன் தங்கை வீட்டுக்குப் போய் இருபத்து நாலு நாள் ஆகிறது. கொஞ்ச நாள் அமைதி வேண்டும், போன் பண்ணாதே, எழுது என்றாய். அங்கேயே இருந்துவிடுவதா, திரும்பி வருவதா என்று ஜூன் கடைசியில் வருகிற யுஹன்னுஸ் நடுக்கோடைப் பண்டிகைக்குள் சொல்கிறேன் என்றாய். நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

காரணம் எனக்குத் தெரியும், ஹெல்வி. யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். முப்பத்து நாலு வருஷம் டிராம் ஓட்டினேன். ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று என் முதுகுக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருந்தார்கள். அத்தனை வருஷம் அடக்கி வைத்ததையெல்லாம் ஓய்வு பெற்ற பிறகு உன் தலையில் கொட்டினேன். குளிக்கும்போது பேசினேன், உருளைக்கிழங்கு உரிக்கும்போது பேசினேன், நீ அடுத்த அறையில் இருந்தாலும் விடாமல் பேசினேன். கல்லும் கரையும், நீ எம்மாத்திரம்?

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. பேச்சுத் தாங்காமல் ஓடினவள் ஏன் குவோப்பியோவுக்குப் போனாய்? அந்தப் பக்கத்து ஆட்கள் வாயை மூடினால் ஏரி வற்றிவிடும் என்று நினைக்கிறவர்கள். அதிலும் உன் தங்கை புருஷன் ஐமோ இருக்கிறானே, மரம் அறுக்கிற ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன், வெண்ணெயை இந்தப் பக்கம் தள்ளு என்பதைக்கூட அக்கரைக்குக் கேட்கிற மாதிரிக் கத்துவான். சரி, அது உன் விருப்பம்.

நான் சும்மா உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை. உனக்கு அமைதி வேண்டும். அது இந்த ஊரில் இல்லாமல் வேறு எந்த ஊரில் இருக்கிறது? தினமும் காலையில் காப்பி குடித்துவிட்டு உனக்காக இடம் பார்க்கக் கிளம்பிவிடுகிறேன்.

முதலில் காம்ப்பியில் அந்த மரத்தால் கட்டின சிற்றாலயத்துக்குப் போனேன். உள்ளே யாரும் பேசக் கூடாது. பதினோரு நிமிஷம் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் காய்கறிப் பையை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தொப்பி கீழே விழுந்துவிட்டது என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லாமல் எடுத்து மடியில் வைத்தேன். என்னை நீ பார்த்திருக்க வேண்டும்.

பிறகு லம்மஸ்ஸாரி. நாணல் காட்டுக்கு நடுவே பலகைப் பாதை போகிறதே, நாம் கல்யாணமான புதிதில் போய்க் கொசுக்கடியோடு திரும்பினோம், அதே பாதைதான். இப்போது பாதி வழியில் உட்காரப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் வரை நாணல். காற்று அடித்தால் ஊரே இல்லாத மாதிரி இருக்கிறது. உனக்கு அங்கே ஒரு மணி நேரம் தாராளமாகக் கொடுக்கலாம்.

கண்ணாடி வீட்டுத் தோட்டத்துக்கும் போனேன், வார நாளில் காலையில் ஒரு ஈ காக்கை கிடையாது. நீ பனை மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்துகொள். நான் கள்ளிச் செடி அறையில் இருப்பேன். எனக்கு ஏற்ற துணைதான். ஹியேத்தனியெமி கல்லறைத் தோட்டத்தில் கடல் பக்கத்து வரிசையில் நல்ல நிழல் தருகிற ஒரு மரம் இருக்கிறது, அதன் கீழே நீ. அந்தக் கோடியில் அப்பாவின் கல்லுக்குப் பக்கத்தில் நான்.

இன்னொரு சேதி. நம் கூடத்துக் கம்பளங்களில் இரண்டை நானே தள்ளுவண்டியில் கட்டிக்கொண்டு போய்க் கைவோபுயிஸ்தோ கடலோரத் துவைக்கும் துறையில் துவைத்தேன். பைன் சோப்பு, பிரஷ், உப்புக் காற்று, எல்லாம் உண்டு. வருஷா வருஷம் நீயும் மூன்றாம் மாடி இன்கெரியும் செய்கிற வேலை. கம்பளம் தேய்க்கிற மேஜையைச் சுற்றி எட்டுப் பெண்கள் நின்றார்கள். உன் பெண்டாட்டி எங்கே என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. நம் ஊர் மரியாதை.

ஆக என் ஒப்பந்தம் இதுதான். நீ வா. இந்த நகரத்தில் இருக்கிற அமைதியான இடம் எல்லாம் உனக்கு. நான் உன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்தில் உட்காருவேன். சாப்பாட்டு வேளைக்குச் சேர்ந்து வீட்டுக்கு வருவோம். இதைவிட நல்ல ஏற்பாட்டை யாராலும் சொல்ல முடியாது.

உன் வரவை நிச்சயம் என்றே வைத்துக்கொண்டிருக்கும்,
ஓலவி


குவோப்பியோ
ஜூன் 9

ஓலவி,

கடிதம் வந்தது. நல்ல இடங்கள்தான். அங்கெல்லாம் நான் ஒற்றையாக உட்காருவதற்கு உன்னை எதற்குக் கட்டிக்கொண்டேன் என்று யோசிக்கிறேன்.

கம்பளத்தை ஈரத்தோடு சுருட்டி வைக்காதே, நாற்றம் எடுக்கும்.

ஹெல்வி


ஹெல்சிங்கி
ஜூன் 14

என் ஹெல்விக்கு,

உன் அஞ்சலட்டையைப் பதினைந்து தடவை படித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. அமைதி வேண்டும் என்றவள், அமைதியைக் கொடுத்தால் வேண்டாம் என்கிறாள் என்று கோபம்கூட வந்தது. அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மீதிக் கம்பளங்களோடு மறுபடி துறைக்குப் போனேன். இந்த முறை இன்கெரியும் வந்தாள். பிழிகிற உருளையில் நான் கம்பளத்தைக் கொடுக்க, அவள் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் உன் அட்டையைப் பற்றிப் புலம்பிக்கொண்டே இருந்தேன். அவள் சுற்றுவதை நிறுத்திவிட்டாள். இன்கெரி மேல் நீ கோபப்படக் கூடாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்குக் கொடுத்த வாக்கை அவள் ஒரு வருஷம் காப்பாற்றியிருக்கிறாள். என் புலம்பல் தாங்காமல்தான் உடைத்தாள்.

"ஏம்ப்பா ஓலவி, உனக்கு நெஜமாவே தெரியாதா? அவளுக்குக் காது மந்தமாகி ரெண்டு வருஷம் ஆச்சு. நீ பேசுறது அவளுக்குச் சத்தமா மட்டும்தான் வருது, வார்த்தையா வரல" என்றாள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேட்டியா?" என்றாள்.

நான் கம்பளத்தின் ஒரு முனையைப் பிடித்தபடியே நின்றேன், ஹெல்வி. இரண்டு வருஷமாக நான் பேசினதற்கு நீ பதில் சொல்லவில்லை. வேறு எந்த ஊராக இருந்தாலும் புருஷன்காரன் என்னவோ ஏதோ என்று பதறியிருப்பான். நம் ஊரில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ரொம்ப நாள் பதில் வராவிட்டால் நல்ல குடித்தனம் என்று அர்த்தம். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மைப் போல ஒற்றுமையான ஜோடி இந்தக் கட்டிடத்திலேயே இல்லை என்று டிப்போ நண்பர்களிடம் பீற்றிக்கொண்டும் இருந்தேன்.

அதோடு இன்கெரி விடவில்லை. நீ அவளிடம் சொன்னதையும் சொன்னாள்: "அவர் அப்பாவைப் பத்தி எப்படிக் கதை சொல்வார்னு பாத்திருக்கேல்ல? அடுத்த கதை நான்தான்."

அது எனக்குச் சுட்டது. இன்னும் சுடுகிறது. கடைசிக் காலத்தில் அப்பாவுக்குக் காது போனபோது காதில் கையை வைத்து "ஆங்? ஆங்?" என்று அவர் மாதிரியே செய்து காட்டுவேன். கிறிஸ்துமஸ் மேஜையில் எல்லோரும் சிரிப்பார்கள். அவர் செத்த பிறகும் நான் அதை நிறுத்தவில்லை. நீயும் சிரித்தாய் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால் போன இரண்டு கிறிஸ்துமஸிலும் அந்த இடத்தில் நீ எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஹெல்வி. அறுபத்தெட்டு வயதில் இப்படி வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. நேற்று ஹியேத்தனியெமிக்குப் போய் அப்பாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

ஐமோ வீட்டுக்கு ஏன் போனாய் என்பதும் இப்போது புரிகிறது. அவன் கத்துகிறான். உனக்குக் கேட்கிறது. அவனிடம் என் நன்றியைச் சொல், அவனுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்.

அழுது முடித்த பிறகு வேலையில் இறங்கினேன். நீ எழுதினதன் அர்த்தம் புரிந்துவிட்டதே. என் பேச்சு இல்லாத இடத்தை நீ தேடவில்லை. மற்ற எல்லாச் சத்தமும் இல்லாத இடமாக வேண்டும், நாம் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்கிற மாதிரி. நான் பார்த்து வைத்த இடங்களையெல்லாம் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியதாகிவிட்டது. இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, மேலே கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, இன்கெரியை இழுத்துக்கொண்டு போனேன். ஜூன் மாத வெயிலில் கம்பளித் தொப்பி. டிராமில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, அதுவும் நம் ஊர் மரியாதைதான்.

சிற்றாலயம் பட்டியலிலிருந்து கழிந்தது. அங்கே பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். லம்மஸ்ஸாரியும் கழிந்தது. நாணல் சலசலப்பில் இன்கெரியின் வாய் அசைவதுதான் தெரிந்தது, ஒரு சொல் வரவில்லை. அங்கே உன்னை ஒரு மணி நேரம் உட்கார வைக்கப் பார்த்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். துறைக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் கோப்பைச் சத்தம், கடற்பறவைக் கூச்சல், பக்கத்து மேஜைச் சிரிப்பு எல்லாம் ஒன்றாகக் கூழாகிவிட்டது. எனக்குத் தலை வலித்தது. இரண்டு வருஷம் பிறந்தநாள் விருந்துகளில் உன்னை நான் எப்படிப்பட்ட இடங்களில் உட்கார வைத்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

கண்ணாடி வீடு நல்ல இடம். கள்ளி அறையில் இல்லை, பனை மரத்தடியிலேயே, இரண்டு பேரும் ஒரே பெஞ்சில். இன்கெரி நேராக என்னைப் பார்த்துப் பேசியபோது ஒவ்வொரு சொல்லும் வந்தது. முகத்தைத் திருப்பினால் போய்விட்டது. கல்லறைத் தோட்டத்தின் கடல் வரிசையும் நல்ல இடம்தான், காற்று இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே பஞ்சோடும் தொப்பியோடும் இன்கெரி என்னைத் திட்டினது முழுசாகக் கேட்டது. போதுமடா உன் பரிசோதனை, என் முட்டி வலிக்கிறது, ஏலக்காய் பன் வாங்கிக் கொடு என்றாள். வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டிலும் சில மாற்றம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவேன் அல்லவா, என் முகம் இருட்டாகத்தான் உனக்குத் தெரிந்திருக்கும். சாப்பாட்டு மேஜையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். இப்போது வெளிச்சம் என் மூஞ்சியில் விழுகிறது. அடுத்த அறையிலிருந்து பேசுவதில்லை என்று எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். மீசையையும் எடுத்துவிட்டேன். நாற்பது வருஷ மீசை, உதட்டை மறைக்கிறது என்று இன்கெரி சொன்னாள். கண்ணாடியில் பார்த்தால் என் அக்கா மாதிரி இருக்கிறேன். பயப்படாதே.

காதுக் கருவிக்கு மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தும் நீ போகவில்லை என்று கேள்விப்பட்டேன். போவதும் போகாததும் உன் இஷ்டம். போவதாக இருந்தால் நான் கூட வருகிறேன், வெளியே நாற்காலியில் உட்காருகிறேன். அது பற்றி யாரிடமும் ஒரு கதையும் சொல்ல மாட்டேன். இதை விளையாட்டுக்கு எழுதவில்லை.

இரண்டு வருஷத்தில் நான் பேசியதில் முக்கால்வாசி உனக்குக் கேட்கவில்லை. அதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, பாதி டிராம் தடம் பற்றியது. ஆனால் நீ அந்த இரண்டு வருஷத்தில் என்னிடம் என்ன சொல்ல நினைத்தாய், என்னென்ன விழுங்கினாய் என்று எனக்குத் தெரியாது. அதுதான் எனக்கு ராத்தூக்கத்தைக் கெடுக்கிறது. எல்லாவற்றையும் கொண்டு வா. திட்டாக இருந்தாலும் கொண்டு வா.

செவ்வாய்க்கிழமை மதிய ரயிலுக்கு நிலையத்தில் நிற்பேன். நீ அதில் இல்லை என்றால் புதன்கிழமை நானே குவோப்பியோவுக்கு ரயில் ஏறுவேன், ஐமோ கத்தினாலும் சரி. நிலையத்தில் இரைச்சல் அதிகம், அதனால் அங்கே நான் பேசப் போவதில்லை. உன் பெட்டியை வாங்கிக்கொண்டு, நேராகக் கண்ணாடி வீட்டுக்குக் கூட்டிப் போவேன். பெஞ்சில் உன்னைப் பார்த்து உட்காருவேன். நீ பேசுகிறவரை வாயைத் திறக்க மாட்டேன்.

சீக்கிரம் பேச ஆரம்பித்துவிடு, ஹெல்வி. நான் எத்தனை நிமிஷம் தாங்குவேன் என்று உனக்குத் தெரியும்.

உன்,
ஓலவி