ஏழு கூட்டி எழுதிய நோட்டு

ஜூன் 9, திங்கள். காலை 6.40. லீவில் வந்து 19ஆம் நாள்.

காற்றே இல்லை. புதுப்பட்டினம் வேகிறது. இன்றைய வேலை: தண்ணீர் மோட்டார், அம்மாவின் மிக்சி.

வளைகுடாவிலிருந்து நாசர் வாட்ஸ்அப். அந்த நாட்டுக்காரன், என்னிடம் வேலை பழகும் டெக்னீஷியன். எண்ணெயை மட்டும் நம்பியிருக்கக் கூடாதென்று அவர்கள் அரசு கட்டிய கண்ணாடி ஆலையில்தான் எனக்கு வேலை. உலையின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலரை மாற்றினார்களாம், பழைய செட்டிங் போய்விட்டது. சூடு ஏறி இறங்குகிறது. எண்களைக் கேட்கிறான்.

கம்ப்யூட்டரில் இல்லை. நம்மாட்கள் யாரும் ஏற்றுவதில்லை. அவரவர் பாக்கெட் நோட்டில்தான். என் நோட்டு இங்கே, பெட்டியில்.

அவன் தேறினால் என் இடம் அவனுக்கு. ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பதில் போடவில்லை.

அத்தா: "எண்ணெ எடுத்துகினு இருந்தவன் கண்ணாடி ஊதப் போய்ட்டானா? இன்னாடா கூத்து!"

அந்த உலையும் எண்ணெய்க் கிணற்று கேஸில்தான் எரிகிறது என்றேன். விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 10

மோட்டார் சரி. மிக்சி தேறாது.

வளைகுடாவிலிருந்து சேகர் போன். படாளத்துக்காரன், அதே ஆலையில் இன்னொரு ஷிப்ட்.

"நாசருக்கு எண்ணக் குடுத்துடாத மச்சான். நாளைக்கி எங்க நோட்டையும் கேப்பானுங்க. பொயப்பே போய்டும்."

"உலை அணைஞ்சா?"

"அவன் மாட்டுவான். நமக்கின்னா?"

அணைந்தால் உள்ளேயே கண்ணாடி இறுகிவிடும். அப்புறம் ஆலையே இல்லை. சேகருக்கும் தெரியும்.

மதியம் சாப்பிட்டபடியே நாலு பக்கம் போட்டோ எடுத்து நாசருக்கு அனுப்பினேன். நல்ல மனசெல்லாம் இல்லை. மெசேஜ் மேல் மெசேஜ். எரிச்சல்.

ஜூன் 11. மாலை 5.10.

நாசர்: சூடு இன்னும் மோசம். மேனேஜர் அவனைத்தான் திட்டுகிறார். 'எண் சரிதானா பிரதர்?'

நோட்டைப் பிரித்தேன். எல்லா எண்ணிலும் ஏழு கூடுதல். எவனாவது திருடினாலும் உதவக் கூடாதென்று நாங்கள் கூட்டித்தான் எழுதுவோம். ஆலையில் நின்றால் தானாகக் கழித்துவிடுவேன். இங்கே கை சோற்றில், கழிக்காமலே அனுப்பிவிட்டேன்.

விஷயம் கேட்டு சேகர் போன்: "செம ஆப்பு மச்சான்! கில்லாடிடா நீ!"

மறந்துதான் போனேன். மறந்தேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

இனி:

1. உடனே நாசருக்கு போன். எல்லாவற்றிலும் ஏழு கழிக்கச் சொல்ல.
2. ஏன் ஏழு என்பதையும் சொல்ல.
3. சொல்லிவிட்டேன் என்று சேகருக்கு. திட்டட்டும்.
4. கல்பாக்கத்தில் கான்ட்ராக்ட் வேலை விசாரிக்க.
5. அத்தாவிடம்: இந்த லீவு முடியாது, திரும்பிப் போகப் போவதில்லை.