தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே பள்ளி

ஜூன் 12, 1978, திங்கள்

பள்ளி திறந்தது. ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு பெஞ்சுக்குக்கூடத் தேறவில்லை. மதியம் கல்வி அதிகாரி ஜீப்பில் வந்தார். சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது? ஒரே கூடம், ஐந்து வகுப்புகள், தலைமையாசிரியை நானும் உதவி ஆசிரியை ராஜமும். நின்றபடியே சொன்னார். இந்தத் தெலுங்கு ஊரில் ரயில்வே காலனியில் ஒரு தமிழ்ப் பள்ளி, தண்டவாளத்தைத் தாண்டினால் நாச்சாரத்தில் இன்னொன்று, இரண்டிலும் பிள்ளைகள் குறைவு, ஒன்றாக்கிவிடலாம் என்று. எங்கே என்று கேட்டேன். நாச்சாரத்தில்தானாம். அங்கே அறைகள் இருக்கின்றன, மைதானம் இருக்கிறது. தலைமையாசிரியராக அங்கிருக்கும் தேவசகாயமே நீடிப்பாராம்.

அப்படியானால் நான்? கேட்கவில்லை. கேட்டிருந்தால் குரல் காட்டிக்கொடுத்திருக்கும்.

ஜூன் 14, புதன்

இன்று சாம்பாரில் உப்பு இல்லை. வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"இன்னாத்துக்கு இப்படி உம்முனு இருக்க? பாதிப் பேரு புள்ளைங்கள இங்கிலீஷ் ஸ்கூல்ல போட்டாச்சு. ரெண்டும் தனித்தனியா சாவறதுக்கு ஒண்ணா இருக்கட்டுமே."

"கூட்ஸ் வண்டி நிக்கற லைன அந்தப் பொடிசுங்க தினம் தாண்டணும். ஒர்க்ஷாப்ல வேலை பாக்கற உங்களுக்கா நான் சொல்லணும்?"

அவர் கை கழுவ எழுந்தார். மேம்பாலம் வெகுதூரத்தில் இருக்கிறது. நான் சொன்னது சரிதான். சரியான காரணம் கையில் இருக்கிறது. பிறகு ஏன் இத்தனை படபடப்பு?

ஜூன் 18, ஞாயிறு

காலனிக் கூட்டம். தேவசகாயமும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் நன்றாகவே பேசினேன். தண்டவாளம், மழைக்காலம், சின்னக் கால்கள். ஆண்கள் தலையாட்டினார்கள். "நக்கோ, வேணாம், நம்ம ஸ்கூல் நமக்கே இருக்கட்டும்" என்று ஒருவர் சொல்லக் கைதட்டல்கூட வந்தது.

அப்போது செல்லம்மா எழுந்தாள். தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்த புருஷனை இழந்தவள். தண்டவாளத்தைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எனக்கும் அந்த லைனுன்னா பயந்தான் டீச்சர். ஆனா எம் பொண்ணு விஜயா நாலாவது படிக்கறா. கடைப் பலகையைப் படிடின்னா முழிக்கறா. நீங்க அஞ்சு கிளாசுக்கும் ஒரே நேரத்துல பாடம் நடத்தறீங்க. எம் பொண்ணுக்கு எப்ப நடத்தினீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ராஜத்தைப் பார்த்தேன், ராஜம் தரையைப் பார்த்தாள். கூட்டம் அதற்குப் பிறகு இரண்டையும் சேர்ப்பதே நல்லது என்ற பக்கம் திரும்பிவிட்டது.

ஜூன் 19, திங்கள்

விஜயாவை அருகில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டி மூன்று சொல். அதற்குள் ரெண்டாம் வகுப்பில் சண்டை, எழுந்து போய்விட்டேன்.

ஜூன் 27, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. திங்கள் முதல் எல்லோரும் நாச்சாரம். பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு நடைமேம்பாலம் கட்டித் தரச் சொல்லிக் கேட்டதற்கு 'பரிசீலனையில்' என்று பதில்.

ஜூலை 3, திங்கள்

நான் முன்னால், ராஜம் பின்னால், நடுவில் பிள்ளைகள் என்று தண்டவாளத்தைத் தாண்டினோம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தேவசகாயம் தன் அறையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார். "இங்கன உக்காருங்க டீச்சர், ரெண்டு பேருமாப் பாத்துக்கிடுவோம்" என்றார். எந்த வகுப்பு எனக்கு என்று மட்டும் கேட்டேன். மூன்றாம் வகுப்பு. போய்விட்டேன்.

நான் அப்படி நடந்துகொண்டிருக்கக் கூடாது.

ஜூலை 20, வியாழன்

படுத்தவள் எழுந்து வந்துவிட்டேன். எழுதிவிட்டால் தூக்கம் வருமா பார்க்கிறேன்.

மாலையில் திரும்பும்போது பாதையை மறித்து ஒரு கூட்ஸ் வண்டி. நெடுநேரம் நின்றோம். தூறல் வேறு. பெரிய பையன்கள் பெட்டிக்கு அடியில் குனிந்து போக ஆரம்பித்தார்கள். கத்தினேன். அவர்களை இழுப்பதற்குள் சின்னதுகளும் குனிந்துவிட்டன. அப்போது முன்னாலிருந்து அந்தச் சத்தம், ஒரு பெட்டி அடுத்ததை இடித்து, அது அடுத்ததை... விஜயா தெலுங்கில் அலறினாள்: "ரைலு கதிலிந்தி டீச்சர்!" வண்டி நகர்ந்துவிட்டது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று உள்ளே. விஜயா அதன் பாவாடையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இருவரும் ஜல்லியில் விழுந்தார்கள். சக்கரம் போனது.

அந்தக் குழந்தைக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். மட்டும்னு எழுதறேனே — என்ன மனுஷி நான். நாந்தானே கூட்டிட்டுப் போனேன். உத்தரவுன்னா போயிடறதா?

ஜூலை 21, வெள்ளி

சின்னதுகளை அழைத்துப் போகவில்லை. பழைய கூடத்தைத் திறந்து உட்காரவைத்தேன். வேலை போனால் போகட்டும். பெரிய வகுப்புகளை ராஜம் மேம்பாலம் சுற்றிக் கூட்டிப்போனாள்.

பத்து மணி வாக்கில் தேவசகாயம் சைக்கிளில் வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கூடத்துக்குள் வந்து கட்டுப் போட்ட அந்தக் குழந்தையைப் பார்த்தார். அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க ஜூன்லயே சொன்னீங்க. நான் எம் பள்ளிக்கூடம் நிலைச்சுதேன்னு பேசாம இருந்துட்டேன்" என்றார். பிறகு, "ஒண்ணு ரெண்டு வகுப்பு அவங்கவங்க பக்கத்துலயே இருக்கட்டும். மூணுல இருந்து அங்க. பள்ளிக்கூடம் ஒண்ணுதான், கட்டடம் ரெண்டு. நாந்தான் அப்படிச் செய்யச் சொன்னேன்னு எழுதிருதேன்."

"உங்க பென்ஷன்?"

"அது வார வருஷம்லா. இது இன்னைக்கு."

ஜூலை 25, செவ்வாய்

அதிகாரி வந்து சத்தம் போட்டார். உத்தரவை மீறியது யார்? தேவசகாயம் "நான்தான் சார்" என்றார். "நானும்தான்" என்றேன். வாசலில் செல்லம்மாவும் இன்னும் சில தாய்மார்களும் உட்கார்ந்திருந்தார்கள். கோஷம் எதுவும் போடவில்லை. அதிகாரி போக வேண்டுமானால் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். "லைன் வரைக்கும் ஒருவாட்டி எங்ககூட நடங்க சார்" என்றாள் செல்லம்மா. நடந்தார். அங்கே ஒரு வண்டி நின்றிருந்தது. அவர் சிகரெட் பற்ற வைத்தார், முடித்தார், வண்டி அசையவில்லை. திரும்பிவிட்டார்.

இருவருக்கும் மெமோ வரும் என்கிறார்கள்.

ஜூலை 29, சனி

மெமோ வந்தது. வீட்டுக்காரர் வாசித்துவிட்டு, "வண்டி நிறுத்தறதப் பத்தி ஸ்டேஷன்ல பேசறோம், இரு" என்றார். ஒர்க்ஷாப் யூனியன்காரர்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 16, புதன்

பள்ளி விடும், தொடங்கும் வேளைகளில் பாதையை மறித்து வண்டி நிறுத்துவதில்லை என்று ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டார்கள். பச்சைக் கொடியோடு ஒரு ஆள் நிற்பார். பெரிய வகுப்புகள் மட்டும் அவர் கைகாட்டிய பிறகு தாண்டும். இரண்டு கட்டட ஏற்பாட்டுக்குத் தற்காலிக அனுமதி. மெமோவை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

டிசம்பர் 5, செவ்வாய்

காலனிக் கட்டடத்துக்குப் பொறுப்பாசிரியர் ஒருவரைப் போடச் சொல்லியிருக்கிறார்கள். தேவசகாயம் என் பெயரை எழுதுவதற்கு முன் கேட்டார். தனி அறை, தனி மேஜை. ராஜத்தைப் போடுங்கள் என்றேன். அவர் ஆச்சரியப்பட்டார். எனக்கும் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

காரணம் சொல்ல நேரமில்லை, மணி அடித்துவிட்டது. நாச்சாரத்தில் எனக்கு ஒரே வகுப்புதான்; மூன்றாம் வகுப்புக்கு இன்று வகுத்தல் ஆரம்பித்தேன். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எது எந்தப் பக்கம் என்று நானே சில சமயம் யோசிக்க வேண்டியிருக்கிறது. மீதி வந்தால் அதை எங்கே வைப்பது என்று ஒரு பெண் கேட்டாள். புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி, மதியம்வரை அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன்.