அக்கா முடுக்கிய நான்கு திருகுகள்

புதன் இரவு, காஹாங்.

அண்ணனின் கேமிங் லேப்டாப் நேற்றிலிருந்து சூடேறி அணைந்துகொண்டே இருந்தது. நாளை காலைக்குள் கல்லூரிக்கு அனுப்பவேண்டிய அனிமேஷன் அதில்தான் பாதியில் நின்றது. மாலையில் அவனே கழற்றி, பிராசசரில் சூடு கடத்தும் புதுப் பேஸ்ட் பூசி மூடினான். அதன் பிறகும் பிராசசரின் ஒரு கோர் தொண்ணூற்றெட்டு டிகிரி, பக்கத்துக் கோர் எழுபத்தாறு. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் அக்கா ஃபேக்டரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். திரையில் அந்த எண்களைப் பார்த்தாள்.

"ஸ்குருவ எப்படிடா முடுக்கின?"

"ஒண்ணொண்ணா, டைட்டா. நீ கேமே விளையாடினதில்ல, உனக்கென்னா தெரியும் லா?"

"ஒரு மூலைய மொதல்லயே இறுக்கினா எதிர்மூலை தூக்கிக்கும்டா. எங்க ஃபேக்டரி லைன்ல இப்படிச் செஞ்சா சூப்பர்வைசர் கத்தியே கொன்னுருவாரு."

சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தாள். சூட்டை இழுக்கும் செம்புத் தகட்டைத் தூக்கியபோது, பேஸ்ட் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் கிடந்தது. துடைத்துவிட்டு மறுபடி பூசினாள். நான்கு திருகுகளையும் முதலில் தளர்வாகப் போட்டாள். பிறகு எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று. இரண்டு வருடமாக அவள் நாளெல்லாம் செய்யும் வேலை. நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

மூடி ஓடவிட்டபோது எல்லாக் கோர்களும் எண்பதை ஒட்டி நின்றன. பத்து மணிக்கு அனிமேஷன் முடிந்தது, அனுப்பியும் விட்டான். "அலமாக், அக்கா!" என்று வியந்தான்.

என் வகுப்புத் தோழி ஷாமினி போன வாரம் கேட்டபோது, அக்காவுக்கு ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டேன். நாளை ஷாமினியிடம் உண்மையைச் சொல்லவேண்டும். இந்தத் திருகுகளையும் சேர்த்து. எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.