பூட்டியிருந்துச்சுங்க

மொட்டப்பாறைப்பட்டி,
பென்னாகரம் வழி,
13.9.1986

பிரியமுள்ள தோழி பாஞ்சாலிக்கு ஷகிலா எழுதுவது.

எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். ஓசூரில் மாமா வீட்டில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். அங்கே இப்போதே குளிர் என்று உன் அப்பா சொன்னார். என் அப்பா மெத்தை தைத்து மீந்த இலவம் பஞ்சில் உனக்கு ஒரு தலையணை தைத்து வைத்திருக்கிறார். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் வெள்ளாடு குட்டி போட்டிருக்கிறது. கறுப்புக் குட்டி, காது மட்டும் வெள்ளை.

வியாழக்கிழமை உன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் நீ மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் பள்ளியில் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியர் சொன்னாராம். அதில் 'நான் கரும்பலகையில் எழுதியது பொய்' என்ற வரி இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் டி.சி.தானாம். "ஒரு வரிதான பாய், எழுதிட்டா கை தேஞ்சா பூடும்? பத்தாவதுங்க, வருசமே வீணாப் பூடுது" என்றார். அவர் குரல் சரியாக இல்லை.

கரும்பலகையில் பொன்மொழி எழுதும் முறை உனக்கு வந்த அன்று நீ எழுதியதை இப்போது ஊரே மனப்பாடமாகச் சொல்கிறது. 'கருத்தைச் சொல்லும் உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு. நம் பள்ளியில் பெண்கள் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. அதனால் ஒரு மாணவி படிப்பையே விட்டாள்.' உரிமையெல்லாம் ஓட்டுப் போடுகிறவனுக்கு, இருபத்தொன்று ஆன பிறகு வந்து கேள் என்று தலைமையாசிரியர் உன்னைத் திட்டியதையும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நீ என்னிடம் விட்டுப்போன குடிமையியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஓட்டுக்குத்தான் வயது போட்டிருக்கிறது. பேசுவதற்குப் போடவில்லை. ஓரத்தில் எங்கேயாவது சின்ன எழுத்தில் இருக்குமோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை.

அந்த மாணவி யார் என்று அவர் கேட்டபோது நீ வாயே திறக்கவில்லையாமே. உன் வகுப்புக் கோவிந்தம்மாள் சொன்னாள். என் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே உன் பக்கம் ஒரு சாட்சி கிடைத்திருக்கும். நான் படிப்பை விட்ட காரணத்தை உன்னிடம் மட்டும்தானே சொல்லியிருந்தேன். ஊர் வேறு காரணம் வைத்திருக்கிறது: "பாய் வூட்டுப் பொண்ணு, வயசுக்கு வந்ததும் நிறுத்திட்டாங்க." அப்பாவிடம் படிப்பு ஏறவில்லை என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? கழிப்பறை என்ற சொல்லை அப்பாவின் முன்னால் சொல்ல வருமா?

உன் அப்பா போனதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா ஊசியை மெத்தையிலேயே குத்தி வைத்தார். பிறகு, காலையில் பள்ளிக்கூடம் போகலாம், தயாராக இரு என்றார்.

தலைமையாசிரியர் அப்பாவை உட்காரச் சொல்லி மரியாதையாகத்தான் பேசினார். "உங்க வழக்கப்படி பொண்ண நிறுத்தினீங்க பாய், அதுக்குப் பள்ளிக்கூடம் என்னங்க பண்ணும்?" என்றார். அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "எங்க வழக்கம்னு யாருங்க சொன்னது? இவ அக்கா தருமபுரியில ப்ளஸ் டூ முடிச்சிருக்குதுங்க" என்றார். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். வருகைப் பதிவு எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்று சொல்லக்கூட எனக்குக் குரல் வராது. நீதான் "இருக்கா சார்" என்பாய். பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அங்கே பீரோதான் இருந்தது.

"பூட்டியிருந்துச்சுங்க" என்றேன்.

என்னது என்று கேட்டார்.

"கக்கூசு பூட்டியிருந்துச்சுங்க சார். ஆண்டாய்வுக்கு வெள்ளையடிச்சுப் பூட்டுனாங்க, அப்புறம் தொறக்கவே இல்லீங்க. காலையில இருந்து தண்ணியே குடிக்காம வருவேனுங்க. ஒரு நாள் கிளாசுல மயக்கம் போட்டு வுழுந்தேன். அன்னிக்கு வூட்டுக்குப் போனவதாங்க, அப்புறம் வரலீங்க."

அவர் மேசையிலிருந்த சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தார். உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. கடிதம் வரட்டும், பார்க்கலாம் என்றார். வெளியே வரும்போது பார்த்தேன், பூட்டு அப்படியே தொங்குகிறது. துருப்பிடித்துவிட்டது. திரும்பும் வழியில் அப்பா ரோட்டுக் கடையில் ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்து, முழுசும் குடி என்றார்.

பாஞ்சாலி, உன் மாமாவும் எழுதச் சொல்லுவார். உன் அப்பாவைப் பார்த்த பிறகு, மன்னிப்பே கேட்காதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அனுமதி கேட்காமல் எழுதியதற்குக் கேள், பெரியவர் முன்னால் நிமிர்ந்து நின்றதற்குக் கேள். அந்த ஒரு வரியை மட்டும் எழுதாதே. நீ எழுதியது பொய் என்று ஆனால், நான் வாய் திறந்து சொன்னதும் பொய் என்று ஆகிவிடும். இனி ஒரு தடவை சொல்ல எனக்குக் குரல் வருமோ என்னவோ.

அல்லாஹ்வும் உங்கள் குலசாமியும் உனக்குத் துணையாக இருக்கட்டும். மாமா வீட்டில் வெட்கப்படாமல் கேட்டு, நிறையத் தண்ணீர் குடி.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஷகிலா