ஆட்டுத்தலைக்கு வைத்த குங்குமம்

அக்கா,

உங்கள் குங்குமம் இன்னும் போகவில்லை. போன கிழமை எங்கள் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்து நிலவறைக்குள் வெள்ளம் வந்துவிட்டது. சாமான்களை எல்லாம் வெளியே எடுக்கச் சொன்னார்கள். பழைய சூட்கேசுகளுக்குப் பின்னால், உங்கள் நீலச் சேலைத் துண்டில் சுற்றியபடி அது இருந்தது. ஒரு சாண் உயரப் பித்தளைச் சிலை. ஆட்டுத் தலை, கொம்புகளுக்கு நடுவே ஒரு பந்தம், நெற்றியில் ஐந்து முனை நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தின் மேல் நீங்கள் வைத்த பொட்டு இறுகிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். கற்பூர வாசம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த ஈரத்திலேயே, மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அது வந்த நாள் நினைவிருக்கிறது. நீங்கள் வன்னியிலிருந்து பிரான்சுக்கு வந்து, பியர்ஃபித்தில் என் வீட்டுச் சின்ன அறையில் வாடகைக்குக் குடியேறி ஒரு வருடம் இருக்கும். நீங்கள் துப்புரவு வேலைக்குப் போய்வந்த வீட்டுக் கிழவி முதியோர் இல்லத்துக்குப் போகப்போகிறாள் என்றும், விரும்பியதை எடுத்துக்கொண்டு போ என்று சொன்னாள் என்றும் சொன்னீர்கள். வேறு யாராக இருந்தாலும் மின்னடுப்பைத் தூக்கியிருப்பார்கள். நீங்கள் கறுத்துப்போன இந்தச் சிலையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்து, சமையலறை மேசையில் வைத்து, புளி போட்டுத் தேய்த்தீர்கள்.

"தங்கச்சி, இது ஆர் தெரியுமோ? தக்கன்" என்றீர்கள்.

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் ஊர்க் கோயிலில் புராணப் படிப்பு நடக்கும்போது கேட்டதாம். சிவனை அழைக்காமல் வேள்வி செய்த தக்கனின் தலையை வீரபத்திரர் வெட்டியதையும், பிறகு சிவன் மனமிரங்கி ஆட்டுத் தலையை வைத்து அவனை எழுப்பியதையும், தேய்த்தபடியே சொன்னீர்கள். தூக்கிய வலது கையைக் காட்டி இது அபயம் என்றீர்கள். தாழ்ந்த இடது கை வரதம். மடியில் பின்னிக்கிடந்த இரண்டு பாம்பும் நாகம். மார்பு பெண்ணுக்குரியதாய் இருந்ததற்கும் உங்களிடம் பதில் இருந்தது. அம்மையும் அப்பனும் ஒன்றுதானே என்றீர்கள். பிரான்சில் எவனோ வார்த்த பித்தளையில் உங்களுக்கு விளங்காத இடம் ஒன்றுகூட இல்லை.

கடைசியாகச் சொன்னதை நான் மறக்கவில்லை.

"தலை வெட்டுப்பட்டவனையே எழுப்பிக் குடுத்தவர். என்ரை மனுசன் எந்தத் தலையோட வந்தாலும் வரட்டும். நான் ஆளைக் கண்டுபிடிப்பன்."

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், போர் முடிந்த நாட்களில், பாலத்தைக் கடக்கும்போது இராணுவம் ஆண்களை வேறாகப் பிரித்தது என்றும், அவர் தண்ணீர்ப் போத்தலை உங்களிடம் தந்துவிட்டுப் போனார் என்றும் மட்டும்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. நீங்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரூ பஜோல் தெருக் கோயிலில் பிள்ளையாருக்கு அவர் பெயரில் அர்ச்சனை செய்தீர்கள். நெற்றியில் பெரிய பொட்டு வைத்தீர்கள். சிலை வந்த பிறகு, உங்களுக்கு வைத்த கையோடு அதற்கும் வைத்தீர்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், பொறாமைதான். இருபது வருடம் இந்த நாட்டில் இருந்தவள், கந்தோரில் வேலை செய்பவள், பிரெஞ்சு படித்தவள் நான். நேற்று வந்த நீங்கள் எனக்குப் புராணம் சொல்வதா? அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கணினியில் தேடினேன். பஃபோமே என்று பெயர் வந்தது. கீழே சாத்தான், சூனியக்காரிகள், கறுப்புப் பூசை என்று ஆறேழு வரி. அவ்வளவு போதும் என்று மூடிவிட்டேன்.

"அக்கா, இது தக்கனும் இல்லை ஒண்டும் இல்லை. வெள்ளையளின்ரை பிசாசு" என்றேன் அன்று மாலையே.

நீங்கள் சிலையைத் திருப்பிப் பார்த்தீர்கள். "பிசாசின்ரை முகமே இது?" என்று கேட்டுவிட்டு, விளக்கைக் கொளுத்தினீர்கள்.

அதோடு நான் விட்டிருக்கலாம். சனிக்கிழமை லா சப்பலில், எங்கள் தமிழ்க் கடைத்தெருவில், புடவைக்கடைக்குப் போனபோது, பகிடியாக, கடைக்காரியிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் பெருமையாக இருந்தது. மரக்கறி வாங்க வந்தவர்களும் தலைமயிர் வெட்ட வந்தவர்களும் அந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு போய், பொபினி, சார்செல் என்று எங்கள் சனம் இருக்கிற ஊர்களிலெல்லாம் இறக்கினார்கள். அடுத்த மாதம் நீங்கள் அதே கடைக்கு ரவிக்கைத் துணி வாங்கப் போனீர்கள். நானும் பக்கத்தில் நின்றேன். உள்ளே நின்ற ஒருத்தி, உங்களுக்குக் கேட்கட்டும் என்றே, மற்றவளிடம் சொன்னாள்.

"சாத்தானைக் கும்பிட்டுக்கொண்டு இருந்தா, புருசன் எங்கை வாறது?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கதை எந்த வாயிலிருந்து புறப்பட்டது என்று உங்களுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. நான் துணியின் கரையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சிலையைச் சேலைத் துண்டில் சுற்றி மேசையில் வைத்தீர்கள். "நீங்களே எங்கையாவது விடுங்கோ, தங்கச்சி. எனக்கு இனி வேண்டாம்" என்றீர்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். எறிய மனம் வராமல் நிலவறையில் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் காலையில் கோப்பி போட வந்தபோது உங்கள் நெற்றியில் பொட்டில்லை. அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகவில்லை. நான் கண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

இரண்டு குளிர்காலம் அப்படியே ஒரே வீட்டில் இருந்தோம். சோறு, கறி, கழுவிய கோப்பைகள், இவ்வளவுதான் பேச்சு. பிறகு வேலைக்குப் போன இடத்தில் மூளையில் இரத்தம் கசிந்து விழுந்தீர்கள். செத்தவீட்டுக்கு லா சப்பலே திரண்டு வந்தது. இருந்த மாலைகளில் பெரியது அந்தப் புடவைக்கடைக்காரியுடையது. "தங்கமான மனுசி" என்று அழுதாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. எந்த முகத்தோடு அறைவது?

போன கிழமை மாடிப்படியில் இருந்தபடி, கைபேசியில் அந்தப் பக்கத்தைக் கடைசி வரை வாசித்தேன். நான் அன்று மூடிய இடத்துக்குக் கீழேதான் விஷயமே இருந்தது. அந்த உருவத்தை முதன்முதலில் வரைந்தவன் பிசாசை வரையவில்லையாம். மேலே காட்டும் கை கருணை, கீழே காட்டும் கை நீதி. கைகளில் பொறித்த இரண்டு இலத்தீன் சொற்களுக்குக் 'கரைத்துவிடு' என்றும் 'திரும்பச் சேர்' என்றும் பொருள். பாம்புகள் அழியாத உயிர், பந்தம் அறிவு. ஆணும் பெண்ணும், விலங்கும் மனிதனும் ஒரே உடம்பில். பெயர் ஒன்றுதான் உங்களுக்குத் தவறியது, அக்கா. எனக்குப் பெயர் ஒன்றுதான் சரியாக இருந்தது.

அவர் வரமாட்டார் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எந்த அரசாங்கமும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், ஒரு புடவைக்கடையில், சிரித்துக்கொண்டு. உங்கள் பொட்டை அழித்தது நான்.

சிலை இப்போது உங்கள் அறை யன்னலில் இருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கவில்லை, பொட்டுப் போய்விடும். நேற்று வெள்ளிக்கிழமை. ரூ பஜோலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். உங்களவரின் பெயரைச் சொன்னேன், பூரட்டாதி என்றேன். நீங்கள் சொல்லிச் சொல்லி எனக்கும் பாடமாகியிருந்தது. சொந்தமா என்று கேட்டார். ஓம் என்றேன். வேறு யாருக்கும் செய்ய வேண்டுமா என்று கேட்டார். உங்கள் பெயர் வாய்வரை வந்துவிட்டது. அர்ச்சனை உயிரோடிருப்பவர்களுக்குத்தான். இல்லை என்று சொல்லிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டேன்.