உம்பொண்ண நான் பாத்துக்கறேன்

மார்ச் 16, செவ்வாய்

சனிக்கிழமை விழுந்த பனி இன்னும் கரையவில்லை. ரோட்டோரமெல்லாம் கறுப்புச் சேறு. பயாலஜி டெஸ்ட், சுமார்.

லிண்டா போன் செய்தார். அப்பா சாட்சி சொல்லும் கேஸை நடத்துகிற ஃபெடரல் அரசு வக்கீல். வாஷிங்டனில் ஆட்சி மாறியதால் அவருடைய தலைவரை ராஜினாமா செய்யச் சொல்லிவிட்டார்களாம். லிண்டாவுக்கும் வேறு பிரிவு.

“அப்ப நம்ம கேஸு?” அம்மா.

“வேற ஆள் பாப்பாராம்.”

“வேற ஆளுக்கு என்னங்க தெரியும்?”

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாராவது படிக்கட்டும், எழுதி வைக்கிறேன். சந்திரன் அங்கிள் அப்பாவின் முதலாளி. கோயம்புத்தூரிலிருந்து புரோகிராமர்களைக் கூட்டிவந்து பாஸ்போர்ட்டைப் பிடுங்கிப் பூட்டி வைப்பார். அவர்களில் ரவி அண்ணா தன்னுடையதைத் திருப்பிக் கேட்டார். ஆள் வைத்து, அவர் விரல்களைக் கார் கதவில் கொடுத்துச் சாத்தினார்கள். அப்பா பார்த்தார். போலீசில் சொன்னார். மறுநாள் எங்கள் ஆன்சரிங் மெஷினில் அங்கிள் குரல்: “நீ கோர்ட்டுக்குப் போ. உம்பொண்ண நான் பாத்துக்கறேன்.” அந்த டேப்பினால்தான் ஜாமீன் இல்லாமல் உள்ளே இருக்கிறார்.

பொண்ணு என்றால் நான். இனி அங்கிள் கிடையாது. ச. போதும்.

மார்ச் 17, புதன்

ஐரிஷ்காரர்கள் பண்டிகை, பள்ளியில் எல்லாரும் பச்சை. நான் நீலம், மறந்துவிட்டேன். இன்று பச்சை போடாதவர்களைக் கிள்ளுவார்கள். ஜெனிஃபர் பின்னாலிருந்து கிள்ளினாள். அலறிவிட்டேன். வகுப்பே சிரித்தது.

ஓக் ட்ரீ ரோடு, இந்தியக் கடைத்தெரு. புளி, ரவை, கொத்தமல்லி. கடையில் கமலா ஆன்ட்டி.

“கோயிலுக்கு அவ்ளோ செஞ்ச மனுஷன். கூட வேலை பாத்தவங்களே இப்படிப் பண்ணலாமா?”

“ரவி கையப் போய்ப் பாத்துட்டு வந்து பேசுங்க,” என்றாள் அம்மா.

கொத்தமல்லியை மறந்து வந்துவிட்டோம்.

மார்ச் 18, வியாழன்

புது வக்கீல் கிரெக் வீட்டுக்கு வந்தார். ஷூவோடு உள்ளே. அவர் ஆபீஸின் இப்போதைய தலைவர் தற்காலிகமாம். நிரந்தரமானவர் வரும்வரை எந்த வம்பும் வேண்டாம் என்கிறாராம். ச. புது ஆட்சிக்காரர்களோடு போட்டோ எடுத்துக்கொண்டவர். அதைக் கிரெக் சொல்லவில்லை, அப்பா சொன்னார்.

ச.வின் வக்கீல் டேப்பை மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார். ‘உன் மகளை நான் பராமரிக்கிறேன்.’ நண்பன் பேச்சாம்.

“வார்த்தைக்கு வார்த்தை இதுதானே?” என்று கேட்டார் கிரெக்.

“எஸ், பட்...” அப்பா. கிரெக் எஸ்ஸை மட்டும் எழுதிக்கொண்டார்.

“டேகேர்ல பாத்துக்கறதும் இவன் பாத்துக்கறதும் ஒண்ணா? சொல்லுங்க அவருகிட்ட!” அம்மா கத்தினாள். கோபம் வந்தால் அப்பாவுக்கு ஆங்கிலம் நின்றுவிடும். நான் சொல்ல வாயெடுத்தேன். பெரியவர்கள் பேசட்டும் என்று கிரெக் கையைக் காட்டினார்.

அவர் போனபிறகு அப்பா சுவரைக் குத்தினார். சுவரில் ஓட்டை. கையில் ரத்தம்.

மார்ச் 19, வெள்ளி

ஜாமீன். கிரெக் ஆபீஸ் எதிர்க்கவே இல்லையாம். சாயங்காலம் ச. வெளியே வந்துவிட்டார்.

அம்மா போன் வயரைப் பிடுங்கிவிட்டாள். தயிர் சாதம். யாரும் சாப்பிடவில்லை.

மார்ச் 20, சனி

அப்பாவை அடித்துவிட்டார்கள்.

மளிகைக் கடைக்குப் பின்னால், கார் நிறுத்துமிடத்தில். இரண்டு பேர், பேஸ்பால் மட்டை. நானும் அம்மாவும் வெளியே வந்தபோது மட்டை இறங்கிக்கொண்டிருந்தது. முழங்காலில் விழுந்த சத்தம் இன்னும் காதில். பிறகு தாடை. பனியெல்லாம் சிவப்பு. ஒருவன் குனிந்து, தமிழில், மெதுவாக: “அடுத்தது வீடு.”

அப்பாவின் கண்ணாடியை நான்தான் பொறுக்கினேன். பக்கத்தில் ஒரு பல். அதையும்.

மார்ச் 21, ஞாயிறு

ஆஸ்பத்திரி. அப்பாவின் தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். பேச்சு இல்லை.

லிண்டா வந்தார். அவர் கேஸ் இல்லை, ஆனாலும் வந்தார். தற்காலிகத் தலைவரையே இழுத்து வந்திருந்தார். நரைத்த தலை, ரெயின்கோட். லிண்டா என்னிடம், “டேப்பில் அந்த ஆள் எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்லு,” என்றார்.

சொன்னேன். ச. மாதிரியே, சிரித்துக்கொண்டு, கடைசி வார்த்தையை இழுத்து. அப்பா போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டார். நர்ஸ் நின்றுவிட்டாள். தலைவர் அர்த்தம் கேட்கவில்லை. “மறுபடி உள்ளே வைக்க வேண்டியதுதான்,” என்றார்.

பிறகு வராந்தாவில் லிண்டா குரல். “அப்படியானால் இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள்.”

“நாளைக் காலை புதியவர் பதவியேற்கிறார். போகிற நான் போட்டால் அவர் என்ன நினைப்பார்? அவரே போடட்டும்.”

“இன்று ராத்திரி இவர்களுக்கு என்ன பாதுகாப்பு?”

ஊர்ப் போலீஸ் அவ்வப்போது தெருவில் வண்டி ஓட்டுமாம்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். போலீஸ் வண்டி ஒருமுறை போனது. இப்போது எதிரே ஒரு கார், விளக்கை அணைத்துக்கொண்டு. உள்ளே சிகரெட் நெருப்பு, இரண்டு.

கீழே அம்மா சோபாவைக் கதவுக்கு இழுக்கிறாள். “கண்ணு, வா, அந்தப் பக்கம் பிடி.”

கார் கதவு திறக்கிற சத்தம். போகிறேன்.