கடலுக்குச் சக்கரை பார்த்தவள்

என் தங்கத் தம்பிக்கு,

நீ முதலில் எதைக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். உன் பிளென்னி மீன் உயிரோடு இருக்கிறது. நேற்று என் விரலைக் கடித்துவிட்டது. தொட்டிக்குள் கல்லை நகர்த்த வெறுங்கையை விட்டது என் தப்புதான். குளவி கொட்டியதுபோல் சுருக்கென்றது. விரலைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு சந்தோஷமாக நின்றேன்.

நீ போன பிறகு பழனிசெட்டிபட்டி வீட்டைக் காலி செய்தபோது, உன் கடல்மீன் தொட்டியை, மீன் வாங்கிய மதுரைக் கடைக்காரருக்கே கொடுத்துவிடச் சொன்னார்கள். விரல் நீளத்து மீன், வாயில் விஷப்பல் வேறு, உனக்கு எதற்கு இந்த வேலை என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நீ தினமும் விசாரித்த உயிரை நான் எப்படி இன்னொருவர் கையில் கொடுப்பேன்? தண்ணீரைக் கேன்களில் பிடித்து, பவளங்களை வாளியில் வைத்து, சுருளிப்பட்டிக்கு எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

உன் மச்சானுக்கு ஒரே சிரிப்பு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஓடுகிற ஊரில் உப்பை விலைக்கு வாங்கிக் கரைக்கிற ஒரே ஆள் நான்தான் என்று திராட்சைத் தோட்டத்து ஆட்களிடமெல்லாம் சொன்னார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் இரண்டு மாதத்தில் பவளமெல்லாம் சுருங்கிப்போனது. பிளென்னி பொந்தைவிட்டு வரவில்லை. பொடி இறாலைக் காட்டினால் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். நூற்றுக்கு மூன்றரை உப்பு என்று உன் நோட்டில் எழுதியிருந்தாய். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் கருவியில் மூன்றரை பார்த்துத்தான் ஊற்றினேன். நீ விட்டுப்போன உயிரை என் கையாலேயே கொன்றுவிடுவேனோ என்று பயம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலையில் கருவியில் ஒரு சொட்டுத் தொட்டித் தண்ணீரை விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்து வந்த உன் மச்சான் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏத்தா, அது பழத்துக்குச் சக்கரை பாக்குறதுல்ல? கடலுக்கா சக்கரை பாக்குற?"

நடந்தது இதுதான். தொட்டியைக் கொண்டுவரும்போது நீ உப்பு பார்க்கும் கருவி உடைந்துவிட்டது. திராட்சை வெட்டுவதற்கு முன்னால் இனிப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிற கருவி எங்கள் வீட்டில் ஆணியில் தொங்குகிறது. அதே குழல், அதே கண்ணாடி, உள்ளே அதே கோடுகள். இரண்டும் ஒரே சாமான்தான் என்று நினைத்து அதிலேயே உப்புப் பார்த்துவந்தேன். அதில் மூன்றரை காட்டினால் உப்பு மூன்றுகூடத் தேறாதாம். மதுரைக் கடைக்காரர் போனில் சொன்னார். நீ இருந்திருந்தால் இதை எத்தனை வருஷத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பாய்?

உடனே சரியான கருவியை வரவழைத்தேன். ஆனால் உப்பை ஒரேயடியாக ஏற்றினாலும் ஆபத்து. அங்கேதான் உன் அக்கா யாரென்று காட்டினேன். தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி, உப்புக் கரைத்த வாளியை உயரத்தில் வைத்து, பத்து நாள் சொட்டுச் சொட்டாக இறக்கினேன். இது என் சொந்த யோசனை, யாரும் சொல்லித்தரவில்லை. பவளம் ஒவ்வொன்றாக விரிந்தது. பிளென்னி மஞ்சள் வாலை ஆட்டிக்கொண்டு நடுத் தொட்டிக்கு வந்து இறாலைப் பிடித்தது. உன் மச்சானே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

இன்று காலை திராட்சை ஏற்ற வந்த மலையாளத்து வியாபாரி, தொட்டியைப் பார்த்ததும் காபியை மறந்துவிட்டார். ஆலப்புழைக்காரர்.

"கடலோரத்துல பெறந்த நானே இத நேர்ல கண்டதில்ல சேச்சி. ஆரோட மீனு இது?"

யார் கேட்டாலும் இத்தனை நாளும் என் தம்பியுடையது என்றுதான் சொல்லி வந்தேன். நீ என்றைக்கோ வந்து எடுத்துக்கொண்டு போவாய் என்பதுபோல. இன்றைக்கு வாயில் வேறு பதில் வந்துவிட்டது.

"என்னோடது" என்றேன்.

உன் மச்சான் சட்டென்று திரும்பிப் பார்த்தார். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பெருமையாக இருந்தது. உனக்கு வருத்தமா, தம்பி?

வருத்தப்பட்டாலும் சரி, அதை நான்தான் வளர்ப்பேன். என் கைகால் ஓடுகிற வரைக்கும் வளர்ப்பேன். இது சத்தியம்.

சின்ன வயதிலிருந்தே உன் சாமானை எடுத்தால் திருப்பித் தராத,
உன் அக்கா